பழனிசாமி பெயரில் இருந்த ரத்தம்

விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரர் நாமக்கல்லில் கோழித் தீவன வியாபாரம் செய்பவர். "சேலத்துக்கு எதுக்குங்க போறீங்க, கல்யாணங்களா?" என்று கேட்டார். "ஒருத்தருடைய ரத்தத்தைத் தேடிப் போகிறேன்" என்று உண்மையைச் சொன்னேன். அப்புறம் தரையிறங்கும் வரை மனிதர் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

தப்பு என்னுடையதுதான். எனக்கு ஊர் ஈப்போ, மலேசியா. இருபத்தாறு வருடமாக ஒரு வைரஸ் ஆய்வகத்தில் வேலை. கல்யாண வீட்டில்கூட எனக்கு ரத்தம், ஈரல் என்றுதான் பேச வரும்.

சங்கதி இதுதான். ஹெபடைட்டிஸ் பி என்பது ஈரலில் குடியேறும் வைரஸ். அதில் பல வகைகள் உண்டு. ஏ, பி, சி, டி என்று எழுத்துகளால் குறிப்போம். சேலம், நாமக்கல் பக்கம் அதிகம் தென்படுவது டி வகை. சி வகையை வடகிழக்குப் பக்கமும் எங்கள் நாட்டுப் பக்கமும் பார்க்கலாம். ஒரே மனிதரின் ஈரலில் இரண்டு வகைகளும் சேர்ந்து குடியேறினால் என்ன ஆகும் என்பதுதான் எங்கள் ஆய்வு. சிலரிடம் ஒன்று மற்றொன்றை அடக்கிவிடுகிறது, ஈரலும் அமைதியாக இருக்கிறது. சிலரிடம் இரண்டும் கூட்டுச் சேர்ந்துகொண்டு கண்டபடி பெருகுகின்றன. வைரஸ் நேரடியாக ஈரலைக் கொல்வதில்லை. உடம்பின் காவல் அணுக்கள்தான் வைரஸை ஒழிக்கிறேன் என்று வைரஸ் புகுந்த ஈரல் செல்லையும் சேர்த்து அழிக்கின்றன. எதிரி இரண்டு மடங்கானால் சண்டையும் பெரிதாகி, ஈரலில் தழும்பு ஏறத் தொடங்கும்.

சேலத்தில் ஒரு மருத்துவமனை எங்களோடு சேர்ந்து இதைச் செய்கிறது. ரத்தம் அங்கேயே இருக்கும். அதிலுள்ள வைரஸின் மரபணு வரிசையைப் படித்து எங்கள் கணினிக்கு அனுப்புவார்கள். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் டிரில்லராக இருக்கும் பழனிசாமி என்பவரின் முதல் ரத்தத்தில் டி வகை மட்டும், கொஞ்சமாக இருந்தது. ஆறு மாதம் கழித்து வந்த இரண்டாவது ரத்தத்தில் டி, சி இரண்டும் இருந்தன. வைரஸ் எண்ணிக்கை எங்கேயோ ஏறிவிட்டது. ஈரல் வீக்கத்தைக் காட்டும் அளவும் கூடவே ஏறியிருந்தது. நாங்கள் தேடிக்கொண்டிருந்த ஆள் இவர்தான் என்று நான் குதித்தேன். எங்கள் தலைவர் லிம் குதிக்கவில்லை. "யாரோ இரண்டு பேருடைய ரத்தம் கலந்திருக்கிறது. அந்தக் குழாயைத் தள்ளிவிடு" என்றார்.

தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. கலப்படமாக இருந்தாலும் அந்த ரத்தத்துக்குச் சொந்தக்காரர் ஒருவர் இருந்தாக வேண்டும். அவருடைய ஈரல் எரிந்துகொண்டிருக்கிறது, அது அவருக்கே தெரியாது. மருத்துவமனையிலிருந்து பழனிசாமிக்கு எத்தனையோ முறை போன் போட்டார்களாம். "எனக்கு ஒண்ணுமில்லீங்க, வண்டியில இருக்கேன், வந்ததும் வாரேன்" என்று ஒரே பதில். சேலத்து ஆய்வகத்தின் கருவியைச் சரிபார்க்க யாராவது போக வேண்டியிருந்தது. நானே போகிறேன் என்று கையைத் தூக்கினேன். பத்து நாள் கெடு கொடுத்தார் லிம்.

சேலத்தில் இறங்கியதும் முதல் அடி. நான் கொண்டுவந்திருந்த ஐஸ் பெட்டி பயணத்தில் விரிசல் விட்டிருந்தது. ஐஸ் பெட்டி இல்லாமல் ரத்தம் எடுத்துவர முடியாது. மருத்துவமனை ஆய்வகத்தில் ரத்தம் எடுக்கும் தேன்மொழி, ஆத்தூர்ப் பெண், என்னை நேராகச் செவ்வாய்ப்பேட்டைக்கு இழுத்துக்கொண்டு போனாள். ஒரு பக்கம் மிளகாய் மூட்டை, ஒரு பக்கம் துணிக்கட்டு, நடுவில் ஆட்டோ, அதற்குள் டவுன் பஸ் மூக்கை நுழைக்கிறது. எங்கள் ஈப்போவில் இந்த அகலச் சந்தில் இரண்டு சைக்கிள் எதிரெதிரே வந்தாலே வாய்த்தகராறு வரும். இங்கே எல்லோரும் திட்டிக்கொண்டே வழிவிட்டுக்கொண்டு போகிறார்கள்.

கிடைத்தது ஒரே ஒரு பெட்டி. சிவப்பு நிறம், பக்கவாட்டில் கொட்டை எழுத்தில் 'குல்ஃபி'.

"வேற இல்லியா அண்ணே?" என்றாள் தேன்மொழி.

"இதுக்கு என்னம்மா கொறச்சல்? ரெண்டு நாளு வெச்சாலும் கரையாது" என்றார் கடைக்காரர்.

அவர் சொன்னது நியாயம்தான். வாங்கிக்கொண்டு, எதிரே தள்ளுவண்டியில் தட்டுவடை செட் சாப்பிட்டோம். இரண்டு சின்னத் தட்டுவடைகளுக்கு நடுவே காரச் சட்னியும் துருவிய பீட்ரூட்டும் கேரட்டும் வைத்து மூடித் தருகிறார்கள். ஒன்று என்று தொடங்கி ஆறு தின்றேன். கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர். இந்த ஊரை எனக்குப் பிடித்துவிட்டது.

மறுநாள் பூராவும் கருவியோடு மல்லுக்கட்டினேன். கருவியில் ஒரு குறையும் இல்லை. குழாய்களை அடுக்கும் முறை, பெயர் ஒட்டும் முறை எல்லாவற்றையும் துருவிப் பார்த்தேன். அந்த நாளில் எடுத்த மற்றவர்களின் ரத்தத்தில் சி வகையே இல்லை. அப்படியானால் பக்கத்துக் குழாயிலிருந்து சி எப்படித் தெறித்து வரும்? இதை லிம்மிடம் போனில் கேட்டேன். "ஆளைக் கண்டுபிடி, மறுபடி ரத்தம் எடு, பிறகு பேசு" என்று மலாயில் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

பழனிசாமியின் வீடு திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில். தேன்மொழி பஸ் நிலைய வாயிலில் டிக்கெட்டுக்குச் சில்லறை தேடிக்கொண்டிருந்தபோது, நான் ஓடிப்போய் முன் இருக்கை பிடித்தேன். பிடித்த பஸ் நாமக்கல் பஸ். பாதி வழியில்தான் தெரிந்தது. "ஏறும்போதே கேக்கறதில்லீங்களா அக்கா?" என்று கண்டக்டர் கேட்டார். பின்னாலிருந்து ஓர் அம்மா எட்டிப் பார்த்து, "சாமி, அந்தப் பொட்டியில குல்பி இருக்குதுங்களா? பேரனுக்கு ஒண்ணு குடு" என்றார். ரத்தம் எடுக்கும் ஊசிதான் இருக்கிறது என்றேன். பக்கத்து இருக்கை உடனே காலியானது. நாமக்கல்லில் இறங்கி, வந்ததுதான் வந்தோம் என்று இருவரும் முட்டை தோசை சாப்பிட்டோம். ஊரெல்லாம் கோழிப்பண்ணையாக இருக்கிற இடத்தில் முட்டையை மிச்சம் பிடிக்க யாருக்குத் தோன்றும்? என் தோசையில் மூன்று முட்டை இருந்தது.

திருச்செங்கோடு வந்ததும் எங்கே பார்த்தாலும் ரிக் வண்டிகள். பட்டறையில், பெட்ரோல் பங்கில், வயலோரத்தில். இந்த ஊர்க்காரர்கள் தோண்டாத மாநிலம் இல்லை என்று தேன்மொழி சொன்னாள். பழனிசாமியின் மனைவி சாந்தி வாசலிலேயே எங்களைப் பிடித்துக்கொண்டார்.

"வாங்க அம்மிணி, உள்ள வாங்க. அவரு ஊட்ல இல்லீங்களே. கெங்கவல்லிப் பக்கம் ஒரு தோட்டத்துல போர் போட்டுட்டு இருக்காருங்க. சாப்பிட்டுட்டுத்தான் போகோணும்."

அரிசியும் பருப்பும் சேர்த்து வேகவைத்த சோறு. மேலே ஒரு கரண்டி நெய். முட்டை தோசை இன்னும் தொண்டையிலேயே இருந்தது. ஆனாலும் இரண்டாவது முறை வாங்கிச் சாப்பிட்டேன். சாந்தி இலைக்கு எதிரே உட்கார்ந்து, "மலேசியாவுல எல்லாம் போர் எத்தன அடியிலீங்க தண்ணி?" என்று கேட்டார். எங்களுக்குத் தண்ணீர் வானத்திலிருந்தே வந்துவிடும், தினமும் மழை என்றேன். அவர் நம்பவே இல்லை.

நான்காம் நாள் கெங்கவல்லி. மக்காச்சோளமும் மரவள்ளியும் கண்ணுக்கெட்டிய வரை. எங்கள் ஊரில் மரவள்ளிக்கிழங்கு என்றால் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். ஜப்பான்காரன் ஆட்சியில் அதைத் தின்றே உயிர் பிழைத்தவர்கள். இங்கே அது பணப்பயிர். தோட்டத்துக்குள் ஆட்டோ போகவில்லை. குல்ஃபிப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வரப்பில் நடந்தேன்.

ரிக்கின் சத்தம் காதைப் பிளந்தது. வெள்ளைப் புழுதி பறக்க, அதன் நடுவே தலையில் துண்டு கட்டிய ஒரு நெட்டையான மனிதர் கம்பிகளைப் பிடித்து நின்றார். அவர்தான் பழனிசாமி. தோட்டக்காரர் கிணற்று மேட்டில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். அறுநூறு அடியும் வெறும் புழுதியாம்.

"அவர் இப்ப கைய விட முடியாதும்மா. உக்காருங்க, தண்ணி வரட்டும். வராட்டியும் வரலன்னு தெரியட்டும்" என்றார் தோட்டக்காரர்.

உட்கார்ந்தோம். ரிக்கில் வேலை செய்யும் சத்தீஸ்கர்க்காரர் ஒருவர் எங்களுக்குத் தேநீர் கொண்டுவந்தார். இந்திப் படங்களின் புண்ணியத்தில் எனக்கு அந்த மொழி ஓரளவு புரியும். அவர் இன்னொரு தொழிலாளியிடம் சொல்லிக்கொண்டிருந்தது: "இந்த மண் மோசம். போன பொங்கலுக்கு ஒடிசாவில் இருந்தோமே, அங்கே நூறடியில் தண்ணீர். சாமி அண்ணன் வண்டி பக்கத்திலேயே அடுப்பு வைத்துப் பொங்கல் வைத்தார், ஞாபகம் இருக்கிறதா?" மற்றவர் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். என் மூளை அப்போது தேநீரின் இனிப்பில் இருந்தது.

அப்புறம்தான் அது நடந்தது. புழுதியின் நிறம் மாறியது. வெள்ளை சாம்பலாகி, சேறாகி, ஒரு நொடியில் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு தென்னை உயரத்துக்கு ஏறியது. தோட்டக்காரர் எழுந்து ஓடி அதற்குள் போய் நின்றார். சத்தீஸ்கர்க்காரர்கள் விசிலடித்தார்கள். தேன்மொழியும் நானும் சேற்றில் நனைந்து சின்னப் பிள்ளைகள் மாதிரி கத்தினோம். எங்கள் ஊரில் மழை பெய்தால் குடையை விரித்துக்கொண்டு முணுமுணுப்போம். தண்ணீருக்காக ஒரு மனிதர் அழுததை முதல் தடவை பார்த்தேன்.

அந்தக் கொண்டாட்டத்தில் பழனிசாமி மறுப்பே சொல்லாமல் கையை நீட்டினார். "எடுத்துக்குங்க அம்மிணி, இன்னிக்கு எத்தன வேண்ணாலும் எடுங்க. ஆனா எனக்கு ஒண்ணுமில்லீங்க. பசிக்குது, தூங்கறேன், ராடு தூக்கறேன்." தேன்மொழி இரண்டு குழாய் எடுத்தாள். பெயரை நானே எழுதி ஒட்டினேன்.

ஐந்தாம் நாள் மாலை முடிவு வந்தது. டி வகை மட்டும். கொஞ்சமாக. ஈரல் அளவுகள் என்னுடையதைவிட நன்றாக இருந்தன.

லிம்முக்குச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. "பரவாயில்லை, எல்லோருக்கும் நடக்கும். அந்தக் குழாயைத் தள்ளிவிடு" என்றார். விடுதிக்குத் திரும்பி, மூன்று மாம்பழங்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தின்றேன். சேலத்து மாம்பழம் எப்பேர்ப்பட்ட துக்கத்தையும் பாதியாக்கும். மீதிப் பாதியோடு இரண்டாவது ரத்தத்தின் பதிவேட்டை மறுபடி எடுத்துப் பார்த்தேன். ரத்தம் எடுத்த நாள் போகிப் பண்டிகை என்று தேன்மொழியின் கையெழுத்தில் ஓரத்தில் குறிப்பு. அன்றைக்குக் கூட்டமே இல்லையாம்.

போகி. அதற்கு மறுநாள் பொங்கல். பொங்கலுக்குப் பழனிசாமி ஒடிசாவில் அடுப்பு வைத்துக்கொண்டிருந்தார் என்று என் காதாலேயே கேட்டேனே! உடனே தேன்மொழியை அழைத்து, சாந்திக்குப் போன் போடச் சொன்னேன்.

"அக்கா, போன போகி அன்னிக்கு உங்க வீட்டுக்காரர் ஊர்லயா இருந்தார்?"

"இல்லீங்களே, ஒடிசாவுல இருந்தாருங்க."

"அப்ப ஆஸ்பத்திரிக்கு வந்து ரத்தம் குடுத்தது யாருக்கா?"

"அவரு பங்காளி முருகேச மாமா வந்து குடுத்தாருங்களே" என்றார் சாந்தி, கொஞ்சமும் தயங்காமல். "நீங்கதான சொன்னீங்க, ஆறு மாசத்துக்கு ஒருக்கா தவறாம வரோணும், வரலீன்னா பேர எடுத்துருவோம்னு? இவரு வர முடியல. அதுனால மாமா போய் நின்னு குடுத்துட்டு வந்துட்டாருங்க. ஒரு கொறையும் வெக்கலீங்க."

குரலில் பெருமைதான் இருந்தது. அந்தக் குடும்பங்களில் ஒருவர் ஊரில் இல்லையென்றால் அவருடைய பங்காளி போய் நிற்பார். கல்யாணத்துக்குச் சீர் கொண்டு போவது, எழவுக்குப் போவது, கோயிலில் வரி கொடுப்பது எல்லாமே அப்படித்தான். வீட்டுக்கு ஓர் ஆள் வந்தாயிற்று என்றால் கடமை முடிந்தது. அதே கடமையை எங்கள் ஊசிக்கும் செய்துவிட்டார்கள். தேன்மொழி தலையில் அடித்துக்கொண்டாள். அன்று மருத்துவமனை கொடுத்த சின்னப் புத்தகத்தில் பழனிசாமியின் பெயரைக் காட்டியதும் முகத்தைப் பார்க்காமல் ஊசியைப் போட்டது அவள்தான். அவளைத் திட்ட எனக்கு நேரமில்லை. முருகேசன் எங்கே இருக்கிறார் என்று கேட்டேன்.

"கொண்டப்பநாயக்கன்பட்டியில மாமியார் ஊட்டுப் பக்கத்துல குடியிருக்காருங்க. போனெல்லாம் எடுக்க மாட்டாருங்க. ஞாயித்துக்கெழம வேற ஒரு ரிக்குல அசாம் போறாரு. பத்து மாசம் ஆகுமுங்க திரும்பி வர."

அது வியாழக்கிழமை. மறுநாள் காலையில் முதல் வேலையாக ஆட்டோ பிடித்தோம். ஓட்டுநர் எங்களை ஏற்காடு பார்க்க வந்தவர்கள் என்று முடிவு செய்துகொண்டு மலைப்பாதையில் ஏறிவிட்டார். இரண்டாவது வளைவில் நிறுத்தி, திருப்பி, திட்டி, இறங்கி வருவதற்குள் ஒரு குரங்கு தேன்மொழியின் கையிலிருந்த வாழைப்பழத்தைப் பறித்துக்கொண்டது. அடிவாரத்தில் கடைகளுக்குப் பின்னால் ஓட்டு வீடு. வாசலில் கம்பளியும் தகரப் பெட்டியும் கயிற்றால் கட்டி வைக்கப்பட்டிருந்தன. முருகேசன் அந்தக் கட்டின்மேலேயே உட்கார்ந்திருந்தார். நாற்பது வயதுதான் இருக்கும். கயிறு கட்டியதற்கே களைத்துப்போனவர் மாதிரி இருந்தார்.

"போகிக்கு ஆஸ்பத்திரியில ரத்தம் குடுத்தது நீங்கதானா?" என்று தேன்மொழி கேட்டாள்.

"ஆமாங்க" என்று எழுந்தார். "ஏனுங்க, பத்தலீங்களா?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. உங்களிடம் தனியாகப் பேச வேண்டும் என்றேன். "என்ற ஊட்டுக்காரிக்குத் தெரியாதது என்னங்க இருக்குது, இங்கயே சொல்லுங்க" என்றார். மனைவி ஈஸ்வரி உள்ளிருந்து வந்து நிலைப்படியில் நின்றார். சொன்னேன். அந்த ரத்தத்தில் வைரஸ் நிறைய இருந்தது, ஈரல் வீங்கியிருந்தது, அது பழனிசாமியுடையது இல்லை என்று நேற்றுத்தான் தெரிந்தது.

"அப்ப அது என்ற ரத்தங்களா?" என்றார் முருகேசன். "அவம் பேர்ல குடுத்ததுனால அவனுக்குத்தான் பாப்பாங்கன்னு இருந்துட்டேனுங்க."

ஈஸ்வரி என்னிடம் நேராகக் கேட்டார்: "குடிச்சா இப்படி வருமுங்களா?"

"குடிச்சாலும் ஈரல் கெடும். இது குடியால வந்ததில்லை. கிருமியால வந்தது."

ஈஸ்வரி அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஒரு வருடமாகவே முருகேசனுக்குச் சோர்வு, பசியின்மை, வயிற்றின் வலப்பக்கம் கனம். நாட்டு வைத்தியர் ஒருவர் தொட்டுப் பார்த்து ஈரல் வீங்கியிருக்கிறது, குடியை நிறுத்தச் சொல் என்றிருக்கிறார். அன்றிலிருந்து வீட்டில் ஓயாத சண்டை. ரிக்குக்குப் போகிற இடத்தில் ரகசியமாகக் குடிக்கிறார் என்று மாமியார் வீடே நம்பியிருந்தது. "ஒரு சொட்டுத் தொட்டதில்லீன்னு சாமி மேல சத்தியம் பண்ணுனாரு, நான் நம்பலியே" என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார் ஈஸ்வரி. முருகேசன் அவரைத் திரும்பிப் பார்த்த பார்வையில் கோபம் இருந்தது, நிம்மதியும் இருந்தது.

"ஞாயித்துக்கெழம வண்டி கெளம்புதுங்க" என்றார் என்னிடம். "அட்வான்ஸ் வாங்கிட்டேன். போயிட்டு வந்து பாத்துக்கலாமுங்களா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பத்து மாதம் கழித்து வந்தால் பார்ப்பதற்கு ஈரல் இருக்குமா என்று யாருக்கும் தெரியாது என்று கத்திவிட்டேன். விருந்தாளியாகப் போன இடத்தில் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது. ஆனால் நான் முடிப்பதற்குள் ஈஸ்வரி எழுந்து போய், கட்டின் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார். முடிச்சு இறுகியிருந்தது. பல்லால் கடித்து இழுத்தார். கம்பளி சரிந்து வாசலில் விரிந்தது. முருகேசன் சட்டையை மாட்டிக்கொண்டார்.

லிம் மறுபடி கலப்படம் என்று சொல்ல வழியே இருக்கக் கூடாது என்று நான் உறுதியாக இருந்தேன். இடது கையில் தேன்மொழி எடுத்தாள். வலது கையில் வேறொருவர் எடுத்தார். இரண்டையும் வெவ்வேறு அறையில், வெவ்வேறு ஆட்கள் சோதித்தார்கள். "ரெண்டு கைக்கும் வேற வேற ரத்தங்களா?" என்று முருகேசன் ஆச்சரியப்பட்டார். காத்திருந்தபோது அவரிடம் பழைய கதைகளைக் கேட்டேன். ஒன்றாம் வகுப்பு சேர்வதற்கு முன் அவருக்கும் பழனிசாமிக்கும் குலதெய்வக் கோயிலில் ஒரே நாளில் மொட்டையடித்துக் காது குத்தினார்களாம். ஒரே கத்தி, ஒரே ஊசி. டி வகை இருவருக்கும் அப்போதே வந்திருக்கலாம். இருவரின் டி-யும் அவ்வளவு ஒத்துப்போனதால்தான் இரண்டு ரத்தமும் ஒரே ஆளுடையது என்று நாங்கள் ஏமாந்தோம். பிறகு மூன்று வருடத்துக்கு முன் அசாமில் கை கிழிந்து, வைத்தியர் என்று சொல்லிக்கொண்ட யாரோ சுடுதண்ணீரில் அலசிய ஊசியால் தையல் போட்டிருக்கிறார். சி அங்கே வந்திருக்கலாம். எதையும் நிரூபிக்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமை ரிக் எலுமிச்சம்பழம் நசுக்கி அசாமுக்குக் கிளம்பிப் போனது. முருகேசனுக்குப் பதில் வேறொரு டிரில்லர். அன்று முழுவதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. முடிவு மறுபடி டி மட்டும் என்று வந்துவிட்டால் ஒரு மனிதரின் பிழைப்பைக் கெடுத்தவள் ஆவேன்.

திங்கட்கிழமை காலை. இடது கை: டி, சி. வலது கை: டி, சி. இரண்டிலும் எண்ணிக்கை உச்சத்தில். தேன்மொழி என்னைத் தூக்கிச் சுற்றினாள், என் எடைக்கு அது சாதாரணக் காரியமில்லை. குழாயில் பெயர்தான் தப்பு. உள்ளே இருந்தது ஒரே மனிதரின் ரத்தம், அதில் இரண்டு வகைகளும் சேர்ந்து குடியிருந்தன. லிம்முக்கு அனுப்பினேன். பத்து நிமிடம் கழித்து மலாயில் ஒரே வரி வந்தது: "நீ ஜெயித்துவிட்டாய், இப்போது அந்த ஆளைக் கவனி." இருபத்தாறு வருடத்தில் அவர் எனக்கு அனுப்பிய மிக அழகான கடிதம் அதுதான்.

கல்லீரல் டாக்டர் முருகேசனைப் படுக்கவைத்து ஈரலின் இறுக்கத்தை அளந்தார். ஈஸ்வரி என் கையை இறுகப் பிடித்திருந்தார், வளையல் என் மணிக்கட்டில் பதிந்தது. "தழும்பு ஆரம்பிச்சிருக்கு. ஆனா கல்லாகல. நல்ல நேரத்துல வந்திருக்கீங்க" என்றார் டாக்டர். தினமும் ஒரு மாத்திரை. வைரஸ் தன்னைத்தானே நகலெடுக்கும் இடத்தில் அது குறுக்கே நிற்கும். டி-க்கும் சி-க்கும் அந்த நகலெடுக்கும் வேலை ஒன்றேதான், அதனால் ஒரே மாத்திரை போதும். உடம்பு தேறிவிட்டது என்று நாமாக நிறுத்தினால் இரண்டும் சேர்ந்து திரும்பிப் பாயும் என்று மட்டும் மூன்று முறை சொன்னார். ஈஸ்வரிக்கும் பிள்ளைகளுக்கும் சோதித்தார்கள். யாருக்கும் இல்லை. அன்றே தடுப்பூசி போட்டார்கள். பழனிசாமி அடுத்த வாரமே தானாக வந்து, இனிமேல் என் ரத்தத்தை நானே கொடுக்கிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாராம்.

கிளம்புகிற அன்று ஈஸ்வரி ஒப்புட்டு சுட்டு எடுத்துக்கொண்டு வந்தார். விமான நிலையத்தில் சோதனை செய்தவர்கள் குல்ஃபிப் பெட்டியைத் திறந்து, உள்ளே இருபது இனிப்புப் போளிகளைப் பார்த்துவிட்டு மூடினார்கள்.

ஆறு மாதம் கழித்து ஒரு காலை, ஈப்போவில் கொட்டுகிற மழையில் வேலைக்கு வந்து ஈரக் குடையை மடக்கிக்கொண்டிருந்தேன். தேன்மொழி காணொளியில் அழைத்தாள். ரத்தம் எடுக்கும் நாற்காலியில் முருகேசன். முகம் தெளிந்து, கன்னம் நிறைந்திருந்தது. டாக்டர் அனுமதித்து ஒடிசாவில் வேலைக்குப் போயிருந்தாராம். ரயிலில் இரண்டு நாள் உட்கார்ந்து வந்திருக்கிறார், அன்று மாலையே திரும்ப வேண்டுமாம்.

"ஊர்ல இருக்கறவங்கள யாரையாச்சும் அனுப்பியிருக்கலாமே" என்று வேண்டுமென்றே சீண்டினேன்.

"போதுமுங்க அம்மிணி" என்று கையை நீட்டிக்கொண்டே சிரித்தார். "இதுக்கு நான் ஒருத்தன்தான் வரோணும்."

மூன்றாம் நாள் அறிக்கை வந்தது. டி-க்கு நேரே ஒன்றுமில்லை, சி-க்கு நேரேயும் ஒன்றுமில்லை. ஈரல் அளவுகள் சரியாக இருந்தன. லிம்மின் அறைக் கதவைத் தட்டாமலேயே திறந்து, அந்தக் காகிதத்தை அவர் மேசைமேல் வைத்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார், பிறகு எழுந்து நின்று என் கையைக் குலுக்கினார். எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவும் தோன்றவில்லை. காகிதத்தின் மேலே, பெயர் என்ற இடத்தில், முருகேசன் என்று எழுதியிருந்தது.